புகையிலைத் தோட்டத்து வள்ளம்

சண்டிலிப்பாயில் ஒரு வள்ளம் கிடக்கிறது என்று ஏரம்பு சொன்னபோது தம்பிஐயா சிரித்துவிட்டார். சண்டிலிப்பாயில் புகையிலை இருக்கும், கத்தரி இருக்கும், வெங்காயம் இருக்கும். கடல் இல்லாத ஊரில் வள்ளத்துக்கு என்ன வேலை?

"பகிடி இல்லை அண்ணை. என்ரை தோட்டத்திலைதான் கிடக்குது, புகையிலைக் குடிலுக்குப் பின்னாலை," என்றான் ஏரம்பு. அவன் மாட்டுவண்டியில் புகையிலை ஏற்றிக்கொண்டு தொண்டைமானாறு வரைக்கும் வருகிறவன். "மாதகலாலை இடம்பெயர்ந்து வந்த பிள்ளை ஒண்டு கொண்டுவந்தது. சனம் தையல் மிசினும் பாயும் தூக்கிக்கொண்டு ஓடி வர, அது ட்ரக்டர் பிடிச்சு வள்ளத்தை ஏத்திக்கொண்டு வந்தது. விசர்ப் பெட்டை எண்டு ஊரே சிரிச்சது."

தம்பிஐயாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு மாதமாக அவர் வள்ளம் தேடிக்கொண்டிருந்தார்.

மயிலிட்டியில் தம்பிஐயா என்றால் ஒரு பெயர். பதினைந்து குதிரைவலு இஞ்சின் பூட்டிய பைபர் படகு, மூன்று பேர் வேலைக்கு, ஆழக்கடல் தொழில். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்கியபோது படகு கரையிலேயே எரிந்தது. மனைவி பத்மாசினியையும் மூன்று பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தொண்டைமானாற்றுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்தவர், இரண்டு வருடமாக அதே வகுப்பறையில் கிடந்தார். கடலுக்குப் போகத் தடை. இஞ்சின் வைத்திருந்தாலும் ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. ஊரை ஆமி பிடித்திருந்ததால் திரும்பிப் போகவும் வழியில்லை. நிவாரண மாவுக்கு வரிசையில் நிற்பதுதான் தொழிலாகிப் போயிருந்தது. அந்த வரிசையில் அவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று கடைசிப் பெண்ணுக்குக் கால் வீங்கியது. மருந்து கொடுக்கிறவர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மருந்தில்லை, பிள்ளைக்கு மீனைக் குடுங்கோ," என்றார். மயிலிட்டித் தம்பிஐயாவின் பிள்ளைக்கு மீன் மருந்து! அந்த மனிதரின் கழுத்தைத் திருகலாமா என்று ஒரு கணம் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. கடல் மூடியிருந்தாலும் கடல்நீரேரி திறந்திருந்தது. அதில் இறாலும், மணலை, திரளி என்ற மீன்களும் இருந்தன. ஓர் ஆள் இருந்து துடுப்புப் போடக்கூடிய சிறிய வள்ளம் ஒன்று கிடைத்தால் போதும்.

அது கிடைக்கத்தான் இல்லை. ஒருத்தன் மூன்று ட்ரக்டர் டியூப்பைச் சேர்த்துக் கட்டி இதுதான் வள்ளம் என்றான். தம்பிஐயா ஏறி இருந்து பார்த்தார். டியூப் மிதந்தது, அவருடைய மானம்தான் மூழ்கியது. வல்வெட்டித்துறையில் ஒன்று பார்த்தார். பளபளவென்று தார் பூசியிருந்தார்கள். தார் அதிகம் பூசியிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பேனாக்கத்தியால் குத்தினார், கத்தி பிடி வரைக்கும் போயிற்று. விற்க வந்தவன் வானத்தைப் பார்த்தான்.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனார்.

குடிலின் பின்னால், இரண்டு பனங்குற்றிகளின் மேல் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. மேலே ஈரச்சாக்கு. தம்பிஐயா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனார். அணியத்திலிருந்து தொடங்கிச் சாணுக்குச் சாண் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே பின்பக்கம் வரை போனார். எங்கேயும் சத்தம் மாறவில்லை. மூக்கை வைத்து மணந்தார். உளுத்த மணம் இல்லை. மண்ணில் நீட்டி நிமிர்ந்து படுத்து ஒரு கண்ணை மூடி அடியைப் பார்த்தார். ஒரே மரத்தில் குடைந்த வள்ளம், கோணல் இல்லை, அடி தட்டை. முழங்கால் தண்ணீரிலும் ஓடும். பிறகு அதை நிமிர்த்தி, உள்ளே ஏறிக் குந்தி, இல்லாத துடுப்பை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தார். புகையிலைக்கு இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவருடைய உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"அது விக்கிறதுக்கில்லை அண்ணை."

வள்ளத்தைக் கொண்டுவந்த குணலட்சுமிக்கு முப்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கையில் தண்ணீர்க் குடம். ஏரம்பு வீட்டுக் கிணற்றில் அவளை அள்ள விடமாட்டார்கள், வீட்டுக்காரர் அள்ளி அவள் குடத்தில் ஊற்றுவார்கள். பின்னேரத்தில் ஒரு குடம் அவள் பங்கு. அதில் பாதியை வெயிலுக்கு மரம் வெடிக்காமல் வள்ளத்தின் மேல் ஊற்றிவிட்டு, மீதியில் தனக்கும் மகளுக்கும் சமைப்பாள். சிரித்த ஊருக்கு இது தெரியுமோ தெரியாது. அதைப் பார்த்ததும் தம்பிஐயா வள்ளத்தைவிட்டு இறங்கி நின்றார்.

வள்ளம் அவளுடைய கணவன் அருளம்பலத்தினுடையது. சண்டை தொடங்கிய கிழமை, விடியற்காலையில், அவனும் வேறு மூன்று பேரும் இன்னொருவருடைய பைபர் படகில் மாதகலில் இருந்து தொழிலுக்குப் போனார்கள். நேவி சுட்டது கரைக்குக் கேட்டது. இரண்டு பிரேதம் மாதகலிலேயே ஒதுங்கின. அருளம்பலமும் சூசைதாசன் என்பவனும் ஒதுங்கவில்லை.

"அவர் வந்து வள்ளம் எங்கை எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றாள் குணலட்சுமி.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தை விற்கிறவன் அதன் தலைக்கயிற்றைத் தன் கையால் அவிழ்த்து வாங்குகிறவன் கையில் கொடுக்க வேண்டும். கடலில் போனவனின் வள்ளம் என்றால், அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு அவன் மனைவி கொடுப்பாள். வேறு யார் கொடுத்தாலும் அந்த வள்ளத்தில் ஒருத்தரும் கால் வைக்கமாட்டார்கள். ஆகவே கயிற்றைக் கொடுத்தால் கணவன் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இரண்டாம் முறை பத்மாசினியின் தோட்டைக் கழற்றிக்கொண்டு போனார். குணலட்சுமி அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "அக்காவின்ரை காதைத் திருப்பி மூடுங்கோ அண்ணை," என்றாள்.

மூன்றாம் முறை போனபோது அவர் என்ன எண்ணத்தோடு போனார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. திட்டம் போட்டுப் போகவில்லை என்றுதான் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று காலையில் பிள்ளையின் காலை அமுக்கிப் பார்த்திருந்தார். விரல் வைத்த குழி நிரம்ப நேரம் எடுத்தது. அதை நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார், அவ்வளவுதான். வள்ளத்தின் பக்கத்தில் குந்தியிருந்து, மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, நான் முந்தியே சொல்லியிருக்கவேணும். மனம் வரேல்லை. நாங்கள் மயிலிட்டியை விட்டு ஓடினதுக்கு முதல்நாள் ஒரு பிரேதம் ஒதுங்கினது. ஷெல் விழுந்து கொண்டிருந்தது. நான்தான் தனிய நிண்டு கரையிலை கிடங்கு வெட்டித் தாட்டனான்."

குணலட்சுமி குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"இடது கால்... பெருவிரலிலை நகம் இல்லையோ அண்ணை?"

"ஓம்," என்றார் தம்பிஐயா. "இல்லை."

அடையாளத்தை அவளே கொடுத்தாள். அவர் சொன்னது ஒரு சொல். ஆனால் கடற்கரைச் சனத்துக்குள் எந்தப் பொய்யும் சொல்லலாம், கண்ட மீனைக் காணவில்லை என்னலாம், காணாத மீனைக் கண்டேன் என்னலாம், பிரேதத்தில் மட்டும் ஒருத்தரும் பொய் சொல்வதில்லை. எதிரியின் பிணம் மிதந்தாலும் வலையை வெட்டிவிட்டு அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சாதி அது. அதனால் குணலட்சுமி இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. வள்ளத்தில் தலையை வைத்துக் குழறினாள். தோட்டத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். தம்பிஐயா எழுந்து வேலிப்பக்கம் போய் நின்றார். ஓடிப்போய், இல்லைப் பிள்ளை பொய் சொன்னேன் என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது. அவர் சொல்லவில்லை.

பிரேதம் இல்லாததால் தர்ப்பையில் ஓர் உடல் செய்து எரித்தார்கள். அருளம்பலத்தின் ஒன்றுவிட்ட தம்பி கொள்ளி வைத்தான். வழக்கமாகச் செய்யும் கீரிமலைக்குப் போக முடியாத காலம் என்பதால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைத் தொண்டைமானாற்றில் செய்தார்கள். அடுத்த நாள் குணலட்சுமி வெறும் நெற்றியோடு வள்ளத்தின் தலைக்கயிற்றை அவிழ்த்துத் தம்பிஐயாவின் கையில் வைத்தாள். தோட்டை இப்போதும் வாங்க மறுத்தாள்.

"அவரைத் தாட்ட கைக்கு நான் விலை பேசுறதோ?"

வள்ளத்தை ஏற்றுவது அடுத்த தலையிடி. ஏரம்புவின் வண்டி குட்டை, வள்ளம் பதினான்கு அடி. கவிழ்த்து ஏற்றினால் அணியம் மாடுகளின் தலைக்கு மேலால் நீண்டது. வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது வள்ளமாகவா தெரியும், பீரங்கியாகத்தான் தெரியும். அதற்கு மேல் வைக்கோலைப் பரப்பி, காய்ந்த பனையோலை அடுக்கி, வைக்கோல் வண்டி மாதிரி ஆக்கினார்கள். விடியலில் வெளிக்கிட்டு, அளவெட்டி தாண்டி, சுன்னாகத்தால் புத்தூருக்குப் போய், அச்சுவேலியால் தொண்டைமானாற்றுக்கு இறங்குவதென்று ஏற்பாடு. ஒவ்வொரு பள்ளத்திலும் தம்பிஐயா இறங்கி நடந்தார். மாடு களைக்குமென்று இல்லை, மரத்துக்கு அடிபடுமென்று.

புத்தூருக்கு இப்பால், வெளியில், ஹெலிகொப்டர் வந்தது. ஏரம்பு மாட்டை விட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தான். தம்பிஐயா பாயவில்லை. வண்டியில் ஏறி, சரிந்த ஓலையை இழுத்து மூடி, வள்ளத்தின் மேல் குப்புறப் படுத்தார். ஹெலி ஒரு வட்டம் அடித்து, எங்கேயோ தூரத்தில் படபடவென்று சுட்டுவிட்டுப் பலாலி முகாம் பக்கம் போயிற்று.

"உமக்கென்ன விசரே அண்ணை? உந்த மரக்கட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு சாகப்போறீரோ?" ஏரம்பு சேற்றோடு எழும்பி வந்து கத்தினான்.

தம்பிஐயா மேலில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டார். அந்த மரக்கட்டைக்கு அவர் என்ன கொடுத்திருக்கிறார் என்று ஏரம்புவுக்குத் தெரியாது.

வள்ளத்தை ஒழுங்காக்கப் பத்து நாள் எடுத்தது. பழைய நூல்வலையைப் பிய்த்து வெடிப்புகளில் உளியால் இறுக்கினார். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி ஊற்றினார். எண்ணெய் கிடையாத காலம், பத்மாசினி தலைக்கு வைத்திருந்த அரைப்போத்தல் அதற்குத்தான் போயிற்று. கழிவு ஒயில் கொஞ்சம் வாங்கி வெளிப்பக்கம் முழுக்கப் பூசினார். கறுத்திருந்தால் ஹெலிக்காரன் கண்ணில் லேசில் படாது. எரிந்த வீடொன்றின் கதவுப் பலகையில் துடுப்பு, சேறு உள்ள இடத்தில் ஊன்றித் தள்ள ஒரு கமுகந்தடி, நங்கூரத்துக்கு உடைந்த அம்மியில் பாதி. நிவாரண மாச்சாக்கு நான்கைப் பிரித்துக் காற்றுக்கு விரிக்கச் சின்னப் பாய் ஒன்று தைத்தார்கள் பத்மாசினியும் மூத்தவளும். வேலை செய்கிற நேரத்தில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. கையில் வேலை நின்றால்தான் அந்தப் பெருவிரல் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் நாளே இறால் பட்டது. பத்துப் பதினைந்து மணலை மீனும் பட்டது. பிள்ளைக்குச் சொதி வைத்துவிட்டு, முதற்பாட்டு மீன் வள்ளம் தந்தவளுக்குப் போக வேண்டும் என்று, நல்லதாகப் பார்த்து ஓலைப்பறியில் கட்டிச் சண்டிலிப்பாய்க்குக் கொண்டுபோனார். குணலட்சுமி பறியைக் கையால் வாங்கவில்லை.

"நான் மச்சம் விட்டிட்டன் அண்ணை. மகளுக்கு மட்டும் ரெண்டு தாங்கோ."

அவள் மெலிந்துபோயிருந்தாள். வள்ளம் கிடந்த பனங்குற்றிகளுக்கு நடுவில் புல் முளைத்திருந்தது. அன்று சைக்கிளில் திரும்பி வந்தபோது தம்பிஐயா வெட்கத்தில் செத்துக்கொண்டு வந்தார். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஏரம்புவிடம் மீன் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான். பிள்ளையின் கால் வற்றியது. தோடு பத்மாசினியின் காதுக்குத் திரும்பிப் போயிற்று.

அடுத்த வருடம் சித்திரையில், அவர் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. அது குணலட்சுமி என்று தெரிந்ததும் தம்பிஐயாவின் கையிலிருந்த தகரம் விழுந்தது.

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். செஞ்சிலுவைக்காரர் கொண்டுவந்து கொடுத்த கடிதம். தெற்கே ஒரு தடுப்புமுகாமிலிருந்து அருளம்பலம் எழுதியிருந்தான். நான்கே வரி. உயிரோடு இருக்கிறேன், சுகம், மகளைப் படிக்க விடு, எப்போது விடுவார்கள் என்று தெரியாது. குடும்ப விஷயம் தவிர வேறு எழுத விடமாட்டார்களாம். கூடப் போனவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தம்பிஐயா காகிதத்தைப் பிடித்தபடி நின்றார். சத்தம் கேட்டுப் பத்மாசினியும் பள்ளிக்கூடத்திலிருந்து இறங்கி வந்தாள்.

"உங்களிலை ஒரு பிழையுமில்லை அண்ணை," என்றாள் குணலட்சுமி. "ஊதிப்போன உடம்பிலை முகம் தெரியுமே? நகத்தை மீன் திண்டிருக்கும். நான்தானே அந்தரப்பட்டுக் கேட்டனான். வள்ளம் உங்களிட்டையே இருக்கட்டும், அவர் வந்தாப் பாப்பம்."

அவள் தானாகவே அவருக்கு ஒரு வழி வெட்டிக் கொடுத்தாள். தப்பினேன் என்று தம்பிஐயா நினைத்தார். அப்படி நினைத்ததற்காக அவர் தன்னை மன்னித்ததே இல்லை. ஏனென்றால் அந்த நினைப்பு முடிவதற்குள் மற்றவள் முன்னுக்கு வந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, வெயிலில் கறுத்த முகம்.

"இவள் யசிந்தா, சூசைதாசன்ரை மனிசி," என்றாள் குணலட்சுமி. "இப்ப அளவெட்டியிலை இருக்கிறாள்."

யசிந்தா அவரைக் கும்பிட்டாள். "நாலு பேர் போனவை அண்ணை. ரெண்டு பேர் மாதகலிலை ஒதுங்கிட்டினம். அருளம்பலண்ணை சிறையிலை. அப்ப நீங்கள் தாட்டது என்ரை மனிசன்தானே?"

தம்பிஐயா கவிழ்ந்து கிடந்த வள்ளத்தில் கையை ஊன்றினார். ஓம் என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்ல இந்த முறை நாக்கு எழும்பவில்லை.

"நான் ஒருத்தரையும் தாட்டதில்லைப் பிள்ளை. பிரேதமும் ஒதுங்கேல்லை. இந்த வள்ளத்துக்காகப் பொய் சொன்னனான். ரெண்டு பேரும் என்னைச் செருப்பாலை அடியுங்கோ."

அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது குணலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பிடிக் கதையாதேங்கோ அண்ணை. இவளிலை இரக்கப்பட்டு உங்கடை பேரைக் கெடுக்கிறியள். கடற்காரன் ஆரும் பிரேதத்திலை பொய் சொல்லுவானே?"

"சன்னதி முருகனாணை, நான் காணேல்லை!"

அவர் சத்தியம் செய்யச் செய்ய யசிந்தாவின் அழுகை கூடியது. தன் நம்பிக்கை சாகக்கூடாதென்று ஒரு மனிதன் சாமி பேரிலும் பொய்ச் சத்தியம் செய்கிறானே என்று அவள் அழுதாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, மூண்டு வருசமாக் கதவைச் சாத்தாமல் படுக்கிறன். நாய் குலைச்சால் எழும்பி ஓடுறன். எனக்கு ஏலாது. இப்ப ஒரு பிரேதம் கிடைச்சிருக்குது. அதையும் என்னட்டை இருந்து பறிக்காதேங்கோ."

தம்பிஐயா உதவிக்கு யாரையாவது தேடுகிறவர் போலத் திரும்பிப் பத்மாசினியைப் பார்த்தார். அவள் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவர் சொன்னதை நம்பியவள் அவள் ஒருத்திதான். தோட்டை அவர் காலடியில் மண்ணில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை அளவெட்டிப் பக்கத்தில், இடம்பெயர்ந்த மாதகல் சனம் கூடும் கொட்டிலில் சூசைதாசனுக்குப் பூசை வைத்தார்கள். தம்பிஐயா போகக்கூடாது என்றுதான் இருந்தார். யசிந்தாவின் தமையன் சைக்கிளில் வந்து கையோடு கூட்டிப்போய்விட்டான். சூசைதாசன் என்றைக்காவது யசிந்தா வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றால் என்ன செய்வது என்று வழி முழுக்க நினைத்தார். வராவிட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தார். இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கொட்டிலில் எல்லோரும் எழும்பி அவருக்கு வழி விட்டார்கள். குடும்பத்துக்காரர் இருக்கிற முன் வாங்கில் அவரை இருத்தினார்கள். சுவாமியார் பிரசங்கத்தில், ஷெல்லடிக்கு நடுவில் முகம் தெரியாத ஒரு சகோதரனை அடக்கம் செய்த அந்தக் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பார் என்றார். சனம் அவருடைய கைகளைப் பார்த்தது. அவற்றில் வள்ளத்துக்குப் பூசிய குங்கிலியக் கறை இருந்தது.

பூசை முடிந்ததும் யசிந்தா கறுப்புச் சீலையில் அவர் முன்னால் வந்து நின்றாள். முகம் கழுவினது போலத் தெளிந்திருந்தது.

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ அண்ணை. தலையை எந்தப் பக்கம் வைச்சுத் தாட்டனீங்கள்?"

சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

"மாதா கோயில் பக்கம் தலை," என்றார் தம்பிஐயா. "கால் கடலுக்கு."